ஆறாத வாய்ப்புண்ணும் அந்த ஒரு நிமிடமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

புகையிலை போடுபவருக்கு வாயில் 2 வாரம் தாண்டியும் புண் ஆறவில்லை என்றால், அது வாய்ப் புற்றுநோயாக இருக்கலாம்; ஆனால் மறுபடி மறுபடி பி-காம்ப்ளெக்ஸ் வைட்டமின் மாத்திரை எழுதித் தருவதிலேயே மாதங்கள் வீணாகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டார்ச்சும் கையுறையும் போதும்: உள்கன்னம், ஈறு, நாக்கின் ஓரம், அடிப்பக்கம் எல்லாவற்றையும் பார்த்து, விரலால் தடவி, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு இருந்தால் தாமதிக்காமல் மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையில் தவறுவது வேறு இடத்தில். 95 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 5 மி.லி. கிளேசியல் அசிட்டிக் அமிலத்தை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும்; அதைக் கருப்பைவாயில் தடவியபின் முழுதாக 1 நிமிடம் பொறுக்க வேண்டும். வரிசை நீண்டால் முதலில் பலியாவது இந்த நிமிடம்தான். சந்தேகத்துக்குரிய இடம் வெளுத்துத் தெரியுமுன்பே ‘நார்மல்’ என்று எழுதிவிட்டால் நோயாளி நிம்மதியாக வீடு திரும்பிவிடுவார், அது பெரிய ஆபத்து. மாதவிடாய் நின்றவர்களுக்குப் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடுவதால், எச்.பி.வி. (இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) பரிசோதனையே நல்லது.

பரிந்துரைச் சீட்டு பெற்றவர்கள் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்களா என்று ஒரு வாரத்துக்குள் போனில் விசாரிக்க, கிராம சுகாதார செவிலியருக்குத் தனிப் பதிவேடும் நேரமும் ஒதுக்கி அரசு ஆணையிட வேண்டும்.

பொது சுகாதார மருத்துவர்கள், மதுரை