மடி நிறைய ரொட்டி: ஒரு நன்றி மடல்

நாவல் அச்சுக்குப் போய்விட்டது. புத்தகத்தில் நன்றி சொல்ல அரைப் பக்கம்தான் ஒதுக்கினார்கள். அதில் எல்லாரையும் அடுக்கினால் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிடும். அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

தெரியாதவர்களுக்காக: பிரிட்டிஷ் அரசு ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்திய கைதிப் பெண்களின் கதை இது. நடப்பது சிட்னிக்கு மேற்கே பரமட்டாவில், 1804 முதல் 1827 வரை. இட்லி மாவும் முருங்கைக்காயும் வாங்க நாம் போகிற துங்காபி, வென்ட்வர்த்வில் எல்லாம் கதைக்குள் வரும். துங்காபியில் 1791-இலேயே கைதிகளை வைத்து அரசுப் பண்ணை நடத்தினார்கள். வென்ட்வர்த்வில்லுக்கு அந்தப் பெயர் டார்சி வென்ட்வர்த் என்பவரால் வந்தது. அவருடைய மகன் வில்லியமைப் பெற்ற கேத்தரின் க்ரௌலி, துணி திருடினாள் என்று நாடு கடத்தப்பட்டவர். 1800-இல் பரமட்டாவில் இறந்தார். வென்ட்வர்த்வில் ஸ்டேஷனில் தினமும் இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? அந்த எரிச்சலில்தான் எழுத ஆரம்பித்தேன்.

முதல் நன்றி ஆவணக் காப்பக வாசிப்பறையில் இருந்த உங்களுக்கு. கைதிப் பெண்களைப் பற்றி என்ன இருக்கிறது என்று கேட்டு வந்தவளிடம் நீங்கள் பெட்டியை நீட்டவில்லை. "எழுதினது யாருன்னு முதல்ல பாருங்க" என்ற பொருளில் ஒரு வார்த்தை சொன்னீர்கள். அதற்குப் பிறகு பாதிரியார் சாமுவேல் மார்ஸ்டன் 1806-இல் தயாரித்த பெண்கள் பதிவேட்டை வேறு கண்ணோடு பார்த்தேன். காலனியின் பெண்களை அவர் இரண்டே வகையாகப் பிரித்திருந்தார்: மணமானவள், வைப்பாட்டி. இங்கிலாந்துத் திருச்சபை முறைப்படி நடந்தால்தான் அவர் கணக்கில் அது கல்யாணம். கத்தோலிக்கப் பெண் பத்து வருஷம் ஒருவனோடு குடித்தனம் நடத்தி நாலு பிள்ளை பெற்றிருந்தாலும் இரண்டாம் பட்டியல்தான். லண்டனில் இருந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, காலனியே கெட்டுப்போய்க் கிடக்கிறது என்று முடிவு கட்டினார்கள். என் நாயகி அந்தப் பதிவேட்டில் ஒரு வரியாக வருகிறாள். அந்த வரிக்கு அவள் என்ன பதில் சொல்லியிருப்பாள் என்பதுதான் என் முதல் பாகம் முழுக்க.

மார்ஸ்டனைப் பற்றி இதையும் சொல்லிவிட வேண்டும். கைதிப் பெண்களைக் கம்பளி நூற்க வைத்த பெண்கள் தொழிற்கூடம் அப்போது பரமட்டா சிறையின் மேல்மாடியில் இருந்தது. எல்லாரும் படுக்க அங்கே இடம் இல்லை. வெளியே தங்கிய பெண், இடத்துக்கும் அடுப்பு நெருப்புக்கும் வாரம் 4 ஷில்லிங் தேடியாக வேண்டும். அந்தக் காசு எந்த வழியில் வரும் என்று அரசாங்கத்துக்கு எடுத்துச் சொன்னவரும் இதே மார்ஸ்டன்தான். நல்லவரா கெட்டவரா என்று என்னைக் கேட்காதீர்கள், நாவலில் இரண்டும் இருக்கிறது.

இங்கிலாந்தின் சஃபோக்கில் பிறந்து எங்கள் தெருவில் குடியேறிய பெரியவருக்கு அடுத்த நன்றி. உங்கள் சஃபோக்கைச் சேர்ந்த மார்கரெட் கேட்ச்போல் குதிரை திருடியதற்காக 1801-இல் இங்கே வந்து சேர்ந்தவர், பின்னால் ஹாக்ஸ்பரி ஆற்றுப் பக்கம் பிரசவம் பார்த்தவர். ஊருக்கு அவர் எழுதிய கடிதங்கள் மாநில நூலகத்தில் இருக்கின்றன. காதில் விழுந்தபடி எழுதியவர், முற்றுப்புள்ளி என்ற பேச்சே கிடையாது. கண்ணால் படித்தால் ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள் உங்கள் ஊர் உச்சரிப்பில் சத்தமாகப் படித்ததும் வெள்ளம் பற்றிய பகுதியெல்லாம் சரசரவென்று திறந்துகொண்டது. டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் படித்தீர்கள்.

அப்புறம் கம்பளி நூற்கும் அக்காமார்கள். சனிக்கிழமைக் கூட்டத்தில் ராட்டையைத் தொட்டே பார்க்காத என்னைப் பொறுமையாக உட்கார வைத்தீர்கள். கத்தரித்து வந்த ரோமத்தில் ஆட்டின் எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருக்கும், கை வழவழவென்று ஆகிவிடும், மூன்று நாள் சோப்பு போட்டாலும் விரல் இடுக்கில் வாடை நிற்கும் என்று எந்த ஆவணமும் எனக்குச் சொல்லவில்லை. முறுக்கு கொஞ்சம் தளர்ந்தால் நூல் அறுந்து கழன்று ஓடுகிறது. முரட்டுக் கம்பளித் துணிக்காக நாள் முழுக்க இதையே செய்த பெண்கள், இரவில் அதே பிசுக்குக் கம்பளிக் குவியலில் படுத்தும் தூங்கினார்கள். ஆறாம் அத்தியாயத்தில் வாடை அடித்தால் அது உங்கள் உபயம்.

அத்தைக்குத் தனியாக நன்றி சொல்லாவிட்டால் வீட்டில் சோறு கிடைக்காது. சென்னிமலைத் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்தவர் என் மாமியார். நூற்பு அத்தியாயத்தைப் படித்துவிட்டு, "விரல் வெடிச்சுக் கிடக்கிறவ இவ்வளவு பேச மாட்டா கண்ணு" என்றார். இரண்டு பக்க வசனம் அன்றைக்கே போயிற்று. அதைவிடப் பெரிய கேள்வி அடுத்து வந்தது: "இவளுகளுக்குப் பொறந்த குழந்தையெல்லாம் எங்க?" தேடினேன். தொழிற்கூடத்தில் தாயோடு இருந்த பிள்ளைகளை மூன்று நான்கு வயதானதும் அனாதைப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். தாய் உயிரோடு, நடக்கும் தூரத்தில் இருப்பாள், பிள்ளை அனாதைக் கணக்கில். ரைடல்மியரில் ஆற்றோரமாக அந்தப் பள்ளிக் கட்டடம் இன்றும் நிற்கிறது. பன்னிரண்டாம் அத்தியாயம் முழுக்க அத்தையுடையது.

இந்த மண்ணின் பூர்வகுடிகளான தாருக் இனத்து மூத்த அம்மா ஒருவர் என்னோடு ஆற்றங்கரையில் நடந்தார். கப்பல் வருவதற்கு முன்பு இந்த ஆற்றில் தோணியில் மீன் பிடித்தவர்கள் பெண்கள்தான், சிப்பியைத் தேய்த்துத் தூண்டில் முள் செய்தவர்களும் அவர்கள்தான் என்று சொன்னார். பூர்வகுடிப் பெண் ஒருத்தியின் மனசுக்குள் புகுந்து எழுதலாமா என்று கேட்டேன். "வேண்டாம், ஆனால் நாங்கள் இல்லாத மாதிரியும் எழுதாதே" என்றார். அதனால் மரியா லாக் என் கதையில் வெளியிலிருந்து பார்க்கிற அளவிலேயே வருகிறார். தாருக் தலைவர் யாரமுண்டியின் மகள், பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான பள்ளியில் படித்தவர், 1824-இல் ராபர்ட் லாக் என்ற கைதியை மணந்தவர். என் கதை முடிந்து நான்கு வருஷம் கழித்து, 1831-இல், தன் அண்ணன் கோல்பியின் நிலத்தைக் கேட்டு கவர்னருக்கே மனு எழுதினார். 1843-இல் நிலம் கைக்கு வந்தது. அதைப் பின்னுரையில் சேர்த்திருக்கிறேன்.

பழைய நாளிதழ்களை ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் திருத்திவைக்கும் முகம் தெரியாத தன்னார்வலர்களே, உங்களுக்கும் நன்றி. இயந்திரம் கந்தலாகப் படித்துவைத்த சிட்னி கெசட்டை நீங்கள் வரிவரியாகச் சரி செய்திராவிட்டால் 1827 அக்டோபர் கலவரம் எனக்குக் கிடைத்திருக்காது. தானும் கைதியாக வந்த கிரீன்வே வடிவமைத்த புதிய கட்டடத்துக்குத் தொழிற்கூடம் 1821-இல் மாறியிருந்தது. அங்கே ரொட்டியையும் சர்க்கரையையும் குறைத்தார்கள். பெண்கள் கதவை உடைத்து ஊருக்குள் புகுந்து, ரொட்டிக் கடையையும் கறிக்கடையையும் ஒரு கை பார்த்தார்கள். பட்டாளம் துரத்த, மடி நிறைய ரொட்டியும் இறைச்சியுமாகத் திரும்பி வந்தார்கள். தலைவிகளை மட்டும் பிடித்து அடைக்கப் பார்த்தபோது, தண்டனை என்றால் எல்லாருக்கும்தான் என்று நின்றார்கள். பத்திரிகை இதைக் கேலியாகத்தான் எழுதியது. எனக்கு அந்தக் கேலியே போதுமானதாக இருந்தது.

"வெள்ளைக்காரிகள் கதையைத் தமிழில் யார் படிப்பார்கள்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிய பதிப்பகத்துக்கும் ஒரு கும்பிடு. பொறுமையாக மெய்ப்பு பார்த்த தம்பிக்கும், சமையலை எடுத்துக்கொண்ட கணவருக்கும் நேரில் சொல்லிவிட்டேன்.

நூற்புக் கூட்டத்து அக்காமார்களுக்குத் தமிழ் தெரியாது. ரொட்டி அத்தியாயத்தை மட்டுமாவது ஆங்கிலத்தில் வாய்மொழியாகச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். சரி என்றிருக்கிறேன். புத்தகம் வந்த அடுத்த சனிக்கிழமை, கேக் அவர்கள் பொறுப்பு, வடை அத்தை பொறுப்பு. வர முடிந்தவர்கள் வாருங்கள்.