பழையாற்றில் விடியற்காலையில் எடுக்கும் அளவுகள் ஆய்வகத்தைச் சேர ஒரு வழி வேண்டும்

கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலர்களுக்கும்,

வணக்கம். பூதப்பாண்டி, ஒழுகினசேரி, சுசீந்திரம் வழியாக வந்து மணக்குடியில் கடலைச் சேரும் பழையாற்றின் குளிக்கடவுகளில் நின்று, நீரின் வெப்பநிலையையும் கலங்கலையும் கரைந்துள்ள ஆக்சிஜனையும் அளந்து குறித்துவரும் தன்னார்வலர்களில் ஒருவனாக இம்மடலை எழுதுகிறேன்.

1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, உரிய நடைமுறையுடன் வாரியம் எடுக்கும் மாதிரியே வழக்கில் சான்றாக நிற்கும் என்பதை நாங்கள் அறிவோம். அந்த இடத்தை எங்கள் குறிப்பேட்டுக்குக் கேட்கவில்லை. எங்களிடம் இருப்பது, அலுவலக நேரத்துக்கு வெளியே ஆற்றங்கரையில் நிற்க முடிகிற வசதி. நீருக்குள் இருக்கும் பாசியும் செடிகளும் பகலில் ஆக்சிஜனை வெளிவிடுகின்றன. இரவிலோ அவையும் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களும் சேர்ந்து அதை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், விடிவதற்குச் சற்று முன்புதான் அளவு மிகவும் தாழ்கிறது. ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கும் இடங்களில் காற்றிலிருந்து ஆக்சிஜன் கரைவதும் தடைபடுகிறது. குளிக்கும் நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்பது விதி. முற்பகல் பதினொரு மணிக்கு எடுத்த மாதிரி இந்த விதிக்குள் அடங்கிவிடலாம். அதே கடவில் அதிகாலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திணறிக்கொண்டிருந்திருக்கலாம். இதைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவது எங்களுக்கு எளிதாக இல்லை.

எங்களால் முடியாதவையும் உண்டு. உயிரியல் ஆக்சிஜன் தேவையை, அதாவது நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன் அளவை, அறிய மாதிரியை 27 பாகை செல்சியஸில் மூன்று நாள் வைத்திருக்க வேண்டும். நுண்ணுயிர்ச் சோதனைக் குப்பியில் நீர் கறுத்தால் மலக்கழிவு கலந்திருக்கக்கூடும் என்று ஐயுறலாமே தவிர, கிருமிகளின் எண்ணிக்கை தெரியாது. மணக்குடிப் பக்கம் கடல்நீர் ஏறி இறங்கும் ஓதநேரத்தைக் குறிக்காமல் எடுத்த உப்பளவு ஒன்றையும் சொல்லாது. தொடக்கத்தில் நாங்களே அப்படித் தவறியிருக்கிறோம்.

ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையாவது உங்கள் ஆய்வாளரும் நாங்களும் ஒரே கடவில், ஒரே நேரத்தில், ஒரே நீரை அளந்து, எங்கள் கருவிகளின் பிழையைத் திருத்திக்கொள்ள ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். ஒரு சாக்கடை ஆற்றில் விழும் இடத்துக்கு மேலும் கீழும் எடுத்த அளவுகளுக்கிடையே தெளிவான வேறுபாடு தொடர்ந்து இரண்டு விடியற்காலைகளில் தெரிந்தால், அதை நாங்கள் அறிவிக்க ஒரு பொறுப்பு அலுவலரை நியமிக்க வேண்டும்; அவர் நேரில் வந்து சட்டப்படி மாதிரி எடுக்க வேண்டும். கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் நெற்சாகுபடிப் பருவங்களில் வயல்களுக்கு உரமிட்டபின் வரும் வடிநீரையும் நகரக் கழிவுநீரையும் பிரித்தறிய இந்த மேல்-கீழ் ஒப்பீடு இன்றியமையாதது. ஒரே இடத்தில் எப்போதாவது எடுக்கும் மாதிரியால் அது இயலாது. ஆய்வக முடிவு எங்கள் அளவைப் பொய்யாக்கினாலும், அதை அப்படியே ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும்.

முதற்கட்டமாக ஒழுகினசேரிப் பாலத்தருகே ஓர் அலுவலரை அனுப்பிவைத்தால் குறிப்பேடுகளுடன் காத்திருப்போம். அவர் விடிவதற்கு அரைமணி நேரம் முன்னதாகவே வர வேண்டும் என்று மட்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழையாற்றங்கரைத் தன்னார்வலர் ஒருவர்