ஒப்படையைப் பிள்ளையே எழுதட்டும்: அதிபர்களுக்கும் ஆசிரிய ஆலோசகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

இலங்கை மலையகத் தமிழ்ப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும், வலயக் கல்விப் பணிமனைகளில் கடமையாற்றும் ஆசிரிய ஆலோசகர்களுக்கும் வணக்கம்.

நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் வரலாறு படிப்பிக்கிறேன். போன வருடம் தரம் 10 பிள்ளைகளுக்கு ‘தேயிலைப் பயிர்ச்செய்கை’ என்று ஓர் ஒப்படை, அதாவது வீட்டில் செய்து வரும் எழுத்து வேலை, கொடுத்தேன். 31 பைல்கள் வந்தன. ஒன்றில் இப்படி இருந்தது: ‘நமது நாட்டில் தேயிலை அதிகமாக விளைவது அசாம் மாநிலத்தில்.’ அதை எழுதிய பிள்ளையின் அம்மா, எங்கள் பாடசாலைக்கு மேலே இருக்கும் மலையில்தான் கொழுந்து எடுக்கிறார். வகுப்பு ஜன்னலில் நின்று பார்த்தால் தெரியும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டி மாவட்டத்து லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட கதை அந்தப் பக்கங்களில் இல்லை. அவளுடைய அம்மாவும் இல்லை.

கோபத்தோடுதான் கூப்பிட்டுக் கேட்டேன். “டவுன்ல கொமியூனிகேஷன்ல தலைப்பச் சொன்னா எடுத்துத் தருவாங்க சேர். நான் அதப் பார்த்து அழகா எழுதினேன்” என்றாள். கொமியூனிகேஷன் என்று அவள் சொன்னது போட்டோக் கொப்பி, பிரின்ட் எடுக்கும் கடையை. எதையும் மறைக்கவில்லை. தப்பு என்றே அவளுக்குத் தெரியவில்லை. தரம் 1இலிருந்து கரும்பலகையைப் பார்த்து எழுதினாள், நாம் சொல்லச் சொல்ல எழுதினாள். எழுத்து அழகாக இருந்தால் ‘மிக நன்று’ போட்டோம். பார்த்தெழுதுவதுதான் படிப்பு என்று பழக்கியவர்கள் நாம். அப்புறம் திடீரென்று ஒருநாள் அதைத் திருட்டு என்றால் பிள்ளை என்ன செய்யும்?

சரி, கேள்வியை மாற்றிப் பார்ப்போம் என்று நினைத்தேன். ‘கொழுந்து எடுக்கும் ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள். ஒரு நாளில் எத்தனை தடவை நிறுக்கிறார்கள்? எதற்காகக் கிலோ கழிக்கிறார்கள்?’ வீட்டில் கேட்டுக் குறிப்பெடுத்து வர வேண்டும். எழுதுவது வகுப்பில், என் கண் முன்னால், இரண்டு பாடவேளைகளில். அதே பிள்ளை ஒன்றரைப் பக்கம்தான் எழுதினாள். மழை நாளில் கொழுந்து நனைந்திருப்பதால் தண்ணீருக்கென்று கழிக்கிறார்கள், மழை நின்ற பிறகும் சில நாள் அந்தக் கழிவு நிற்பதில்லை என்று அம்மா சொன்னதை எழுதியிருந்தாள். அம்மாவின் விரலில் ஏறிய கறை சோறு பிசையும்போதும் போகாது என்று ஒரு வரி. எழுத்துப்பிழைகள் நிறைய. ஆனால் அந்த ஒன்றரைப் பக்கத்தை எந்தக் கடையிலும் போட்டோக் கொப்பி எடுக்க முடியாது.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கான தலைப்புகளை வருடா வருடம் அப்படியே அனுப்பாதீர்கள். அக்காவின் பைல் தம்பிக்கு வருகிறது, தம்பியிடமிருந்து பக்கத்து லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, போகிறது. அட்டைக்கும் சோடனைக்கும் பக்கக் கணக்குக்கும் புள்ளி போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். கலர் பிரின்ட் எடுக்கக் காசில்லாத வீட்டுப் பிள்ளை அங்கேயே தோற்றுவிடுகிறது.

உசாத்துணை, அதாவது எங்கிருந்து எடுத்தோம் என்ற குறிப்பு, எழுதுவதைப் பல்கலைக்கழகம் போய்ப் படித்துக்கொள்ளட்டும் என்று விடவும் வேண்டாம். ‘இதை இந்தப் புத்தகத்தில் வாசித்தேன், இதைத் தாத்தா சொன்னார்’ என்று எழுதத் தரம் 6 பிள்ளைக்கு முடியும். நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும், எழுதியவர் பெயரையும் எடுத்த இடத்தையும் சொல்லிச் சிறு பகுதியை மேற்கோள் காட்ட இடம் தருகிறது. எடுத்தாள்வது குற்றமில்லை, எங்கே எடுத்தோம் என்று சொல்லாமல் விடுவதுதான் பிழை. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமே.

திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். கையால் எழுதிய தாளில் அது என்ன தேடும்? இப்போது கைபேசியில் கேட்டால் செயற்கை நுண்ணறிவே கட்டுரை எழுதித் தருகிறது. அது புதிதாக எழுதுவதால் ஒப்பிட்டுப் பார்க்க மூலமும் கிடைக்காது. பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, “இந்த வரிக்கு என்ன அர்த்தம், சொல்லு பார்ப்போம்” என்று கேட்பதுதான் நான் கண்ட வழி. 40 பேர் இருக்கும் வகுப்பில் அது கஷ்டம், தெரியும். அதனால்தான் ஒப்படைகளின் எண்ணிக்கையைக் குறைத்து அந்த நேரத்தைத் தாருங்கள் என்கிறேன்.

பிடிபட்ட பிள்ளையைக் காலைக் கூட்டத்தில் நிறுத்தி அவமானப்படுத்த வேண்டாம் என்று அதிபர்களைத் தாழ்மையுடன் கேட்கிறேன். திருப்பி எழுதக் கொடுங்கள், போதும்.

இரண்டாவது முறை வந்த 31 ஒப்படைகளும் என் அலுமாரியில் இருக்கின்றன. பார்க்க விரும்பும் ஆலோசகர்கள் பாடசாலை நடக்கும் எந்த நாளிலும் வரலாம்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர்