மகளிர் தின மேடையில் ஓவியம் விற்றவருக்கும் ஓர் இடம்

மும்பையில் மகளிர் தின விழா எடுக்கும் தமிழ்ச் சங்கத்தாருக்கும் மகளிர் குழுவினருக்கும் வணக்கம்.

வருடாவருடம் மார்ச் மாதம் தொழில் செய்யும் பெண்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறீர்கள். மாவு, மசாலாப் பொடி, தையல், கேட்டரிங் என எல்லாமே பாடுபட்டு வளர்த்த தொழில்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த முறை, மும்பையில் ஓவியக் காலரி நடத்திய கோர்ஷெட் காந்தியைப் பற்றியும் யாரையாவது அரை மணி நேரம் பேச வையுங்கள். பார்சிப் பெண்மணி, தமிழர் இல்லைதான். தாராவியிலும் மாட்டுங்காவிலும் தலைமுறை தலைமுறையாக இருந்துகொண்டு, இந்த ஊர்க்காரரை வேற்றாள் என்று நாம் சொல்லலாமா?

அவர் கணவர் கெக்கூ 1941இல் தொடங்கியது படத்துக்குச் சட்டம் செய்யும் கெமோல்டு நிறுவனம். ஆரா போன்ற இளம் ஓவியர்களின் படங்கள் முதலில் அந்த ஃபிரேம் கடை ஷோகேஸில்தான் தொங்கின. 1963இல் இருவருமாக ஜஹாங்கீர் கலைக்கூடத்தின் மாடியில், சின்ன இடத்தில் கெமோல்டு என்ற பெயரிலேயே ஒரு காலரி திறந்தார்கள். அதைக் கூடவே இருந்து நடத்தியவர் கோர்ஷெட். ஆனாலும் பேச்சு வந்தால் ‘கெக்கூவும் அவர் மனைவியும்’ என்பதோடு சரி. நம் கடைகளில் மட்டும் என்ன, கல்லாவில் அம்மா, போர்டில் அப்பா பெயர்!

நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்க அன்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? படம் விற்றால்தான் காலரிக்குக் கமிஷன். விற்கவில்லையென்றால் வாடகையும் கரண்ட் பில்லும் அழைப்பிதழ்ச் செலவும் கைக்காசு. அதிலும் துணிந்து, கணக்கெழுதிப் பிழைத்துக்கொண்டே வரைந்த பூபேன் காக்கரின் படங்களை மாட்டினார்கள். 1975இல் வார்லிப் பழங்குடி ஓவியர் ஜிவ்யா சோமா மஷேயின் ஓவியங்களும் அங்கே காட்சிக்கு வந்தன. கல்யாண வீட்டு மண்சுவரில் பெண்கள் அரிசி மாவைக் கரைத்து வரைந்தவைதான் வார்லி ஓவியங்கள். அதே வெள்ளைக் கோட்டில் மஷே வயலையும் மீன் வலையையும் வரைந்தார். தினமும் கோலம் போடும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்க உரையாசிரியர் தேவையில்லை. மஷேக்குப் பத்மஸ்ரீ வந்தது 2011இல்தான்.

இன்னொரு வேண்டுகோள். விழா முடிந்ததும் பெண்களையும் பிள்ளைகளையும் ஒரு நடை, ஜஹாங்கீர் கலைக்கூடம் இருக்கும் காலா கோடாவுக்கு அழைத்துப் போங்கள். சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். ஜஹாங்கீரில் டிக்கெட் கிடையாது. கெமோல்டு 2007இலிருந்து ஃபோர்ட்டில், பிரெஸ்கட் சாலையில், குயின்ஸ் மேன்ஷன் மூன்றாம் மாடியில் இருக்கிறது. 1988 முதல் மகள் ஷிரீன் நடத்துகிறார். அங்கும் பார்க்கக் காசு இல்லை. படம் வாங்குகிறவர்கள்தான் உள்ளே போகலாம் என்று நினைத்துப் பலர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். கூட்டமாகப் போனால் அந்தக் கூச்சம் இருக்காது.

சனிக்கிழமையாகப் பாருங்கள், தனியார் காலரிகள் பெரும்பாலும் ஞாயிறு பூட்டியிருக்கும். முன்கூட்டிப் போன் செய்து கேட்பது, பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுவது எல்லாம் என் பொறுப்பு. தேதியை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செம்பூரிலிருந்து உங்கள் உறுப்பினர் ஒருத்தி