முறையான பில் தராமல் ஜிஎஸ்டி வசூலிக்கும் உணவகங்கள் மீது நடவடிக்கை கோரும் மனு

அனுப்புநர்
மனுதாரர்,
மதுரை.

பெறுநர்
வணிகவரி ஆணையர் அவர்கள்,
எழிலகம், சேப்பாக்கம்,
சென்னை – 600 005.

பொருள்: முறையான ரசீது தராமல் வரி வசூலிக்கும் உணவகங்களில் தமிழ்நாடு சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் 2017, பிரிவு 67(12)-இன் கீழ் சோதனைக் கொள்முதல் நடத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மதுரையில் ஓர் உணவகத்தில் குடும்பத்தோடு சாப்பிட்டதற்குக் கொடுத்த சீட்டின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். கடையின் பெயரும் முகவரியும் தனி உறையில் உள்ளன. சாப்பாடு 1,260 ரூபாய், 'டேக்ஸ்' 63 ரூபாய், மொத்தம் 1,323 ரூபாய் என்று பேனாவால் எழுதியிருக்கிறார்கள். கடையின் பெயர், பில் எண், தமிழ்நாட்டுக்கு உரிய 33 என்று தொடங்க வேண்டிய ஜிஎஸ்டி எண் எதுவுமே அதில் இல்லை. முறையான பில் கேட்டபோது, "கம்ப்யூட்டர் ரிப்பேர் சார், வேணும்னா நாளைக்கு வாங்க" என்றார் கல்லாவில் இருந்தவர். பணம் செலுத்த கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்தால் கடையின் பெயர் வரவில்லை, ஒரு தனிநபரின் பெயர்தான் வந்தது.

அந்த 63 ரூபாயில் பாதி மாநிலத்துக்கும் பாதி மத்திய அரசுக்கும் போய்ச் சேர வேண்டியது. பில் எண்ணே இல்லாத விற்பனை கணக்கில் ஏறியிருக்கும் என்று எப்படி நம்புவது? கடைக்காரர் தன் லாபத்துக்கு வரி கட்டாமல் விடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். அரசின் பெயரைச் சொல்லி மக்களிடம் வாங்கிய பணத்தைத் தானே வைத்துக்கொள்வது அதைவிடப் பெரிய குற்றம் என்றே கருதுகிறேன்.

இன்னொரு வகை முறைகேடும் உண்டு. சிறு வணிகர்களுக்கான இணக்க வரித் திட்டத்தில், அதாவது காம்போசிஷனில், இருக்கும் உணவகம் தன் விற்றுமுதலில் 5 சதவீதத்தைத் தன் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது. இதைப் பில்லின் தலைப்பிலேயே அச்சிட வேண்டும், காம்போசிஷன் கடை என்று கடையிலும் எழுதி வைக்க வேண்டும். அந்த அறிவிப்பைக் கடைகளில் காண்பது அரிதாக இருக்கிறது. அதனால் யார் வரி கேட்கலாம், யார் கேட்கக் கூடாது என்றே சாப்பிட வருபவருக்குத் தெரிவதில்லை.

தள்ளுவண்டி இட்லிக் கடைக்காரரையோ, ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறிய மெஸ்ஸையோ நான் சொல்லவில்லை. அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஏசி ஹால் போட்டு, வரி என்று தனியாக எழுதிப் பணம் வாங்கும் இடங்களைப் பற்றித்தான் இந்த மனு.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. தாங்கள் அதிகாரம் அளிக்கும் ஒருவர் சாதாரண வாடிக்கையாளர் போலப் போய் வாங்கி, முறையான பில் தருகிறார்களா என்று பார்க்கப் பிரிவு 67(12) இடம் தருகிறது. வார இறுதி இரவுகளில், கூட்டம் அதிகமுள்ள நேரத்தில் இதைச் செய்தால் உண்மை தெரிந்துவிடும். தவறு தென்படும் இடங்களில் சமையலறைக்குப் போகும் ஆர்டர் டோக்கன்களையும், வாங்கிய வணிக சிலிண்டர்களின் எண்ணிக்கையையும் கணக்கில் காட்டிய விற்பனையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரில் பில்லை அழித்துவிடலாம், எரிந்த கேஸை மறைக்க முடியாது. பில் இல்லாமல் விற்றால் 10,000 ரூபாய் அல்லது ஏய்த்த வரி, இவற்றில் எது அதிகமோ அது அபராதம் என்று பிரிவு 122 சொல்கிறது. அதைத் தயங்காமல் விதிக்க வேண்டும்.

அப்புறம், இதுபோன்ற சீட்டைப் படம் எடுத்து அனுப்ப எளிய வாட்ஸ்அப் எண் ஒன்றை அறிவித்து, அதை ஒவ்வொரு உணவகத்தின் கல்லா அருகிலும் எழுதி வைக்கச் செய்ய வேண்டும். கேரளம் 2022-இல் 'லக்கி பில்' செயலி மூலம் மக்களைப் பில் கேட்க வைத்தது. 2023-இல் மத்திய அரசு தொடங்கிய பில் பரிசுத் திட்டத்தில் புதுச்சேரியும் இருந்தது. அதுபோன்ற ஒன்றை இங்கேயும் பரிசீலிக்கலாம்.

இணைத்துள்ள சீட்டின் மீது விசாரணை நடத்தி, எடுத்த நடவடிக்கையை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். விசாரணைக்கு அழைத்தால் நேரில் வந்து வாக்குமூலம் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இணைப்பு: சீட்டின் நகல், பணம் செலுத்திய விவரம், உணவகத்தின் முகவரி (தனி உறையில்)