ரைட் விங்கில் ஓடுகிறவனுக்கு

வியாசர்பாடி
15-3-2018, வியாழன்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அக்காவுக்கு இது ஆறாம் மாதம், வளைகாப்பைச் சித்திரையில் வைத்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்கிறார்கள். மற்றபடி சனிக்கிழமை பெங்களூரில் நம் சென்னையின் எஃப்.சி.யும் பெங்களூரு எஃப்.சி.யும் மோதுகிற ஐ.எஸ்.எல். கால்பந்து ஃபைனலைத் தவிர ஊரில் வேறு பேச்சே இல்லை.

தெருப் பையன்கள் 11 பேர் நாளை ராத்திரி பெங்களூர் மெயிலில் கிளம்புகிறார்கள். எதிர் வீட்டு அண்ணன் மகனிடம் இந்தக் கடிதத்தையும் அம்மா போட்ட எலுமிச்சை ஊறுகாயையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாம் கடைசியாக ஒழுங்காகப் பேசியது பிப்ரவரி 6-ந்தேதி ராத்திரி. பெங்களூரு இங்கே வந்து நம்மை 3-1 என்று அடித்துவிட்டுப் போன அன்றைக்கு. இரண்டாவது நிமிஷத்திலேயே அவர்கள் ஹாவ்கிப் கோல் போட்டுவிட்டான். நம் பிரான்சிஸ் சமன் செய்தும் பிரயோஜனம் இல்லை. ஸ்டேடியத்திலிருந்து நடந்து வரும்போதே உனக்குப் போன் போட்டேன். "அவங்கதான்ப்பா இந்த வருஷம்" என்று சொன்னாய். எனக்குக் கோபம் வந்து என்னவோ பேசிவிட்டேன். அதை மனசில் வைத்துக்கொண்டிருக்கிறாயா? ஐந்து வாரம் ஆகிறது. 5-ந்தேதி ஆனால் பணம் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி பட்டினியாகப் படுக்காதே.

சரி, மேட்சுக்கு வருகிறேன். டீக்கடையில் இரண்டு நாளாக எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள், "நைனா, யார் ஜெயிப்பாங்க?" என்று. அவர்களுக்குச் சொல்லாததையும் உனக்குச் சொல்கிறேன்.

பெங்களூருதான் நல்ல டீம். இதில் எனக்கு வெட்கம் இல்லை. லீக்கில் அவர்கள் 40 புள்ளி, நாம் 32. அவர்கள் கேப்டன் சேத்ரி புனேவுக்கு எதிராக செமி ஃபைனலில் மூன்று கோலையும் தானே போட்டான். அவனைப் பிடித்தால் மிக்கு இருக்கிறான். அவனையும் பிடித்தால் பார்டாலு என்கிற நெட்டையன் கார்னருக்கு மேலே வந்து தலையை வைக்கிறான். கோலில் குர்பிரீத், ஆறடி ஐந்தங்குலம். தரையில் பந்தை வைத்துப் பாஸ் கொடுத்து ஆடலாம் என்று நம்மவர்கள் நினைத்தால் அரைமணியில் கதை முடிந்துவிடும்.

ஆனால் நம் கோச் கிரிகரி அப்படி ஆடவிடமாட்டார். செவ்வாய்க்கிழமை கோவாவை எப்படி முடித்தார் பார்த்தாயா? பந்து பெரும்பாலும் அவர்களிடம்தான். லீக்கிலேயே அதிக கோல் போட்ட கோரோ அவர்கள் பக்கம். ஆனாலும் கரண்ஜித் ஒன்றும் உள்ளே விடவில்லை. இந்தப் பக்கம் ஜெஜே ஒன்று, மூன்று நிமிஷத்தில் நம்ம கணேஷ் தலையால் ஒன்று, கடைசியில் மறுபடி ஜெஜே. 3-0. கணேஷ் போட்டதும் எங்கள் வரிசையில் ஒரு பெரியவர், யாரென்றே தெரியாது, என் கையைப் பிடித்துக்கொண்டு "எங்க வியாசர்பாடிப் பையன்" என்றார். நானும் வியாசர்பாடிதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது.

சனிக்கிழமையும் வழி அதுதான். முதல் 20 நிமிஷம் அடிபடாமல் நிற்கவேண்டும். பெங்களூரு எப்போதும் ஆரம்பத்திலேயே பாய்கிற டீம், பிப்ரவரியில் பார்த்தோமே. அதற்குள் ஒன்று விழுந்தாலும் பதறக்கூடாது. பிறகு கார்னரும் ஃப்ரீ கிக்கும். நம் நெல்சன் போடுகிற பந்து வளைந்து வந்து சரியாகக் கோலி கைக்கு எட்டாத இடத்தில் இறங்குகிறது. நம் டிஃபென்டர்கள் மெயில்சன், செரனோ இரண்டு பேரும் மேலே வரட்டும். மெயில்சனை நன்றாகக் கவனி. பந்துக்கு அவன் நேராக ஓடுவதில்லை. இரண்டடி பின்னால் போய், அப்புறம்தான் எகிறுகிறான். குர்பிரீத் எவ்வளவு உயரமாக இருந்தாலும் கூட்டத்துக்குள்ளே மாட்டிக்கொண்டால் உயரம் உதவாது. டிசம்பரில் அதே கண்டீரவா ஸ்டேடியத்தில் 88-வது நிமிஷம் கணேஷ் போட்டு 2-1 என்று நாம் ஜெயித்துவிட்டு வந்தோமே, மறந்துவிடாதே. சொந்த ஊர் மைதானம் என்பதும் பெரிய பலம் இல்லை. 2015 ஃபைனலில் கோவா தன் ஊரிலேயே நம்மிடம் தோற்றது. 2016-ல் கேரளா கொச்சியில் கொல்கத்தாவிடம் தோற்றது.

நம் வலது பக்கம் கால்தெரோன் இருக்கிறார். 36 வயது. சேத்ரி இடது பக்கத்திலிருந்து உள்ளே கட் பண்ணி வரும்போது அவர் ஓடிப் பிடிக்கமுடியாது, நிற்கிற இடத்தை வைத்துத்தான் தடுக்கவேண்டும். தடுத்துவிடுவார், வயசுக்கு அந்தப் புத்தி உண்டு.

எனக்குப் பயமெல்லாம் மறுபக்கம்தான். அவர்கள் உதாந்தாவும் நம் ஜெரியும்.

ஜெரிக்கு 19 வயது. நல்ல லெஃப்ட் பேக், மிசோரம் பையன், கால் சுத்தம். ஆனால் உதாந்தா ரைட் விங்கில் கோட்டை ஒட்டி ஓட ஆரம்பித்தால் எந்த லெஃப்ட் பேக்குக்கும் ஒரே வழிதான். பந்து அவன் காலுக்கு வருவதற்கு முன்னாலேயே ஒட்டி நிற்கவேண்டும். வந்து, திரும்பி, இரண்டடி எடுத்துவிட்டான் என்றால் முடிந்தது. பின்னால் ஓடி ஒன்றும் ஆகாது. நான் 14 வருஷம் லெஃப்ட் பேக் ஆடியவன், அதனால் சொல்கிறேன். அப்படி ஒருத்தன் நம்மைக் கடந்து போகும்போது அவன் முதுகுப் பனியன் மட்டும்தான் தெரியும், கோட்டுச் சுண்ணாம்பு பறக்கும்.

உதாந்தா ஆடுகிற மேட்சை என்னால் முழுசாகப் பார்க்கமுடிவதில்லை, தம்பி. அம்மா கேட்பாள், ஏன் எழுந்து போகிறீர்கள் என்று. தண்ணீர் குடிக்க என்பேன்.

இந்த மாதம் பணம் அனுப்பவேண்டாம். சீட்டு எடுத்துவிட்டோம், கையில் இருக்கிறது. அடுத்த மாதமும் வேண்டாம். உறைக்குள் 3,000 ரூபாய் வைத்திருக்கிறேன், டிக்கெட்டுக்கு. பையன்களோடு உட்கார்ந்து பார். டிக்கெட் கிடைக்காவிட்டாலும் திருப்பி அனுப்பவேண்டாம், நீயே வைத்துக்கொள். பீன்யாவிலிருந்து மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, கப்பன் பார்க்கில் இறங்கினால் பக்கம் என்றார்கள். உனக்குத் தெரியாததா.

உன் பெரியம்மா மகன் போன மாதக் கடைசியில் ஒரு வேலையாக அங்கே வந்திருந்தான். உன்னைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கம்பெனி வாசலில் போய்க் கேட்டானாம். வாட்ச்மேன் சொன்னதை அவன் என்னிடம் மட்டும்தான் சொன்னான். அம்மாவுக்குத் தெரியாது, நான் சொல்லவும் இல்லை. அதைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. பணம் அனுப்பவேண்டாம் என்று மட்டும் மறுபடி சொல்கிறேன். யாரிடமும் வட்டிக்கு வாங்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

உன்மேல் எனக்குக் கோபம் உண்டு. பொங்கலுக்கு வரவில்லை. அக்கா போட்ட போனை எடுக்கவில்லை. நம் வீட்டில் யாரும் அப்படி இருந்ததில்லை என்று எழுதப்போனேன், கை நின்றுவிட்டது. அது பொய். நான் இருந்திருக்கிறேன்.

2010-ல் நான் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். ஏப்ரல் மாதம். உங்கள் யாருக்கும் நான் சொல்லவில்லை. எட்டு மாதம் தினமும் காலையில் அம்மா கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். பீச் ஸ்டேஷன் வரை போய், பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, அந்தச் சாப்பாட்டை அங்கேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்புவேன். சாயங்காலம் முல்லை நகர் மைதானத்தில் வந்து நிற்பேன். "அப்பா சீக்கிரம் வந்துட்டார், என் ஆட்டத்தைப் பார்க்க" என்று உன் கூட்டாளிகளிடம் சொல்வாய். மார்பை நிமிர்த்திக்கொண்டு சொல்வாய்.

அந்த வருஷம்தான் உனக்கு அகாடமி தேர்வு வந்தது. கோச் கையெழுத்துப் போட்ட பாரத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாய். வெளியூரில் மூன்று நாள், ரயில் செலவு, தங்க, புது பூட்ஸ், எல்லாம் சேர்த்து ஆறாயிரம் ரூபாய்க்குக் குறையாது. என்னிடம் 140 ரூபாய் இருந்தது. பணம் இல்லை என்று சொன்னால் ஏன் இல்லை என்று கேட்பாய். வேலை போனதைச் சொல்லவேண்டிவரும். அதனால் வேறு ஒன்றைச் சொன்னேன்.

"உனக்கு வேகம் பத்தாதுடா. ரைட் விங்குக்கு நீ ஆகமாட்டே. அங்கே போய் அசிங்கப்படாதே."

நீ ஒன்றும் பேசவில்லை. பெரிய கேப்டன் சொன்ன மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனாய். டீக்கடையிலும் மைதானத்திலும் ஊரே என் வார்த்தையைக் கேட்கும், இவன் ஆடுவான், இவன் ஆடமாட்டான் என்று நான் சொன்னால் சரியாக இருக்கும். அதனால் நீயும் நம்பினாய். அதற்கு அடுத்த மாதமே பூட்ஸைத் தம்பி முறையில் ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டாய். பாலிடெக்னிக் சேர்ந்தாய். மைதானத்துப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டாய்.

அந்தப் பாரத்தை நான் கிழிக்கவில்லை. முருகர் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தேன். 2015 வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்ததே, வடிந்த பிறகு சாமான்களை வெளியே வைத்துத் துடைக்கும்போது படத்தோடு அதுவும் விழுந்தது. கோச்சின் கையெழுத்து நீலமாக ஓடி உன் போட்டோமேல் பரவியிருந்தது. நீ அந்தப் பக்கம் பாயைப் பிழிந்துகொண்டிருந்தாய். சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த மாதம்தான் வெள்ளத்தால் நம் செமி ஃபைனலைப் புனேவுக்கு மாற்றினார்கள். ஃபைனல் அன்றைக்கு நம் டிவி தண்ணீரில் போயிருந்ததால் டீக்கடையில் நின்று பார்த்தோம். 87-வது நிமிஷம் கோவா 2-1. 90-ல் அவர்கள் கோலியே உள்ளே தட்டிவிட்டான், அப்புறம் மென்டோசா. நீ என்னைத் தூக்கினாய், நினைவிருக்கிறதா? அப்போதும் அந்தப் பாரம் என் பையில்தான் இருந்தது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

உனக்கு வேகம் இருந்தது. நான் பார்த்த பையன்களில் உன்னளவு முதல் இரண்டடியில் போகிறவன் இந்த மைதானத்தில் யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை எதிரே நிறுத்தி ஆடுவாயே, ஒருநாள்கூட உன்னை நான் பிடித்ததில்லை. விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைத்திருப்பாய். விட்டுக்கொடுக்கவில்லை. முடியவில்லை.

பெரிய ஆட்டக்காரனாக வந்திருப்பாயா என்று என்னால் சொல்லமுடியாது. தேர்வுக்குப் போயிருக்கவேண்டும். அதை நான் தடுத்தேன், பொய் சொல்லித் தடுத்தேன். பணம் இல்லை என்று சொல்லியிருந்தால் உன் அம்மா வளையலைக் கழற்றியிருப்பாள். மைதானத்துப் பெரியவர்கள் ஆளுக்கு நூறு போட்டிருப்பார்கள். எட்டு மாதம் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தவனுக்கு அது தோன்றவில்லை.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்று உனக்குப் புரியும்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு மேட்ச். நீ எந்தப் பக்கம் கத்தினாலும் பரவாயில்லை, சேத்ரிக்குக் கத்தினாலும் சரி. ரைட் விங் பக்கம் இடம் கிடைத்தால் பார், உதாந்தாவை ஜெரி எப்படிப் பிடிக்கிறான் என்று டிவியில் எனக்குச் சரியாகத் தெரியாது. ஒட்டி நிற்கிறானா, தள்ளி நிற்கிறானா, அதை மட்டும் கவனி. பாதி ஆட்டத்தில் 15 நிமிஷம் இருக்கும். போன் பண்ணிச் சொல். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப் படியில் உட்கார்ந்திருப்பேன், அம்மா காதில் விழாது. மேட்சை மட்டும் பேசிவிட்டு வைத்தாலும் சரி.

பையன்கள் ஞாயிறு ராத்திரிதான் திரும்புகிறார்கள். உனக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் போட்டிருக்கிறார்கள், நான்தான் போடச்சொன்னேன்.

உன் அப்பா

பி.கு.: ஊறுகாய் பாட்டில் மூடி சரியாக நிற்கவில்லை. பிளாஸ்டிக் கவரைப் பிரிக்கும்போது நிமிர்த்திப் பிடித்துக்கொள். வந்தவுடன் கொஞ்சம் நல்லெண்ணெய் ஊற்றி வைக்கச்சொன்னாள் அம்மா.