குடத்தைக் காட்டியது போதும், மீட்டரைக் காட்டுங்கள்

தண்ணீர் தனியார்மயம் பற்றி ஆவணப்படம் எடுக்கும் இயக்குநர்களுக்கு வணக்கம்.

உங்கள் படங்களைத் தேடித்தேடிப் பார்க்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன், பொலிவியாவின் கோச்சபாம்பா நகரக் கதை அலுத்துவிட்டது. அந்த மக்களின் போராட்டம் அலுக்கவில்லை, நீங்கள் படத்தை முடிக்கிற இடம்தான் அலுத்துவிட்டது. 1999-இல் பொலிவிய அரசு அந்த நகரத்தின் குடிநீரை நாற்பது ஆண்டு ஒப்பந்தம் போட்டு பெக்டெல் என்ற அமெரிக்கக் கம்பெனி பின்னணியில் இருந்த நிறுவனத்திடம் கொடுக்கிறது, மக்கள் தாங்களே சேர்ந்து தோண்டிய கிணறுகளுக்குக்கூட ஆபத்து வருகிறது, 2000 ஜனவரியில் பில் எகிறுகிறது, மறியல், கண்ணீர்ப்புகை, ஏப்ரலில் நிறுவனம் மூட்டை கட்டுகிறது, சதுக்கத்தில் கொண்டாட்டம், திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்துவிடும்.

சரி, அப்புறம்? குடிநீர் மறுபடி பொது நிறுவனத்தின் கைக்கு வந்த பிறகும் நகரின் தெற்குப் பகுதி ஏழைகள் வருடக்கணக்கில் லாரித் தண்ணீரைத்தான் காசு கொடுத்து வாங்கினார்கள். குழாயே போய்ச் சேராத தெருவில் குழாய்க்கு யார் முதலாளி என்றால் என்ன? வெளியேறிய நிறுவனமோ நஷ்டஈடு கேட்டு உலக வங்கியின் நடுவர் மையத்துக்குப் போய், 2006-இல்தான் வழக்கைக் கைவிட்டது. இதையெல்லாம் படம் பிடிப்பது கஷ்டம், தெரியும். ஃபைலுக்கு முகம் கிடையாது. ஆனாலும் கதை அங்கேதானே இருக்கிறது?

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய சொவெட்டோவின் ஃபிரி பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இலவச அளவு தீர்ந்த பிறகு முன்கூட்டியே காசு போட்டால் மட்டும் தண்ணீர் விடும் ப்ரீபெய்டு மீட்டரை வைத்தார்கள். வைத்தது ஜோகன்னஸ்பர்க் மாநகரத்துக்கே சொந்தமான நிறுவனம், ஆனால் அப்போது நிர்வாகம் பிரான்ஸ் நாட்டுக் கம்பெனியிடம். ஆக, பெயர்ப்பலகையில் 'பொது' என்று இருந்தால் போதாது. அப்போது ஒரு மனைக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம். எட்டுப் பேர், ஆளுக்கு நாளைக்கு 25 லிட்டர் என்று யாரோ மேசையில் உட்கார்ந்து போட்ட கணக்கு. கழிவறையில் ஒருமுறை தண்ணீர் விட்டாலே பத்து லிட்டர் போய்விடும். பின்கட்டில் குடிசை போட்டு வாடகைக்கு இருப்பவர்களையும் சேர்த்தால் எட்டு எங்கே நிற்கும்? இலவச அளவு தீர்ந்ததும் மீட்டர் தானாக மூடிக்கொள்ளும். நோட்டீஸ் கிடையாது, தவணை கிடையாது, சண்டை போட எதிரே ஆளும் கிடையாது. அந்தப் பகுதியினர் போட்ட வழக்கில் 2008-இல் உயர் நீதிமன்றம் ஆளுக்கு நாளைக்கு 50 லிட்டர் கொடு, இந்த மீட்டர் செல்லாது என்றது. அடுத்த வருடமே அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. தோற்ற வழக்கு என்பதாலோ என்னவோ, உங்களில் பலருக்கு இதில் ஆர்வம் இல்லை.

இன்னொன்று. காலிக் குடம், வெடித்த நிலம், மெதுவாக இழுக்கும் வயலின் (அந்த வயலினை மட்டுமாவது விட்டுவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்). ஏழைகளைக் கண்டால் அழுகையைக் கேட்கிறீர்கள், கணக்கை யாரும் கேட்பதில்லை. எந்த நாளில் துணி துவைக்கலாம், துவைத்த தண்ணீரை எதற்கு வைத்துக்கொள்ளலாம், பக்கத்து வீட்டில் எத்தனை வாளி கடன் என்று அந்தப் பெண்கள் விரல்நுனியில் வைத்திருப்பார்கள். நீர் மேலாண்மை பற்றிப் பேச நிபுணரை நாற்காலியில் உட்காரவைக்கிறீர்களே, அந்த நாற்காலியில் ஒருமுறை இவர்களை உட்காரவைத்துப் பாருங்கள்.

அப்புறம், படம் முடிந்ததும் விழாக்களுக்கு அனுப்புவதற்கு முன்னால் அதே தெருவில் ஒரு திரை கட்டிப் போட்டுக் காட்டுங்கள். எங்கே தப்பாகச் சொல்லியிருக்கிறீர்கள் என்று அவர்கள் சொல்வார்கள். அதையும் படம் பிடித்துக் கடைசியில் சேருங்கள்.